நெறஞ்சிடுச்சு என்று நீ சொன்னாய்

அன்பு மகள் நசீமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கதவைத் தட்டிப் பார்த்தேன், நீ திறக்கவில்லை. உன் அம்மா தட்டினாள், அதற்கும் திறக்கவில்லை. "தலவலிம்மா, தூங்கிக்கினு இருக்கேன்" என்று உள்ளேயிருந்து பதில் மட்டும் வந்தது. தூங்கிக்கொண்டே பதில் சொல்லும் அதிசயம் நம் வீட்டில்தான் நடக்கும். வாசலில் நின்று கத்த எனக்கு இப்போது தெம்பில்லை. கத்தினால் கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் உன் புருஷன் காதிலும் விழும். அதனால்தான் எழுதுகிறேன். மடித்துக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுவேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி. பாதியில் கிழித்தால் பாதி கோபம் உன்னிடமே தங்கிவிடும், அது உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை.

நாளைக் காலை சுபுஹு தொழுததும் மாப்பிள்ளை ஹைதராபாத்துக்குக் கிளம்புகிறார். புது வேலை, புது வீடு, உன் ஆபீசிலும் மாற்றல் கொடுத்துவிட்டார்கள். இந்தப் பழைய கரண்ட் காரில், திருவண்ணாமலை, வேலூர், சித்தூர், கடப்பா என்று நிறுத்தி நிறுத்திச் சார்ஜ் போட்டுக்கொண்டு ரெண்டு பேருமாகப் போக வேண்டும் என்று திட்டம் போட்டவளே நீதான். நிக்காஹ் முடிந்த வாரமே சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்துவைத்து, எந்த ஊரில் பிரியாணி, எந்த ஊரில் தூக்கம் என்றெல்லாம் எனக்குச் சொன்னாய். இப்போது "அவர் காரை அவரே ஓட்டிக்கினு போகட்டும், நான் வரல" என்கிறாய். ரெண்டு வாரம் போனால் சரியாகிவிடும் என்று உன் அம்மா நினைக்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அவர் தனியாகப் போய் அந்த வீட்டில் தனியாகச் சாமான் அடுக்கிவிட்டால், அப்புறம் நீ அங்கே போவது விருந்தாளி போவது போல ஆகிவிடும். சண்டை போட்டுக்கொண்டாவது இந்த வண்டியில் நீ போக வேண்டும் என்பது என் எண்ணம்.

மூன்று நாளைக்கு முன் நீ என்னிடம் என்ன சொன்னாய்? "வராதது கூட போவட்டும் அத்தா. ஃபுல்லுன்னு நான் சொன்னதா என் மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னாரே, அத எப்பிடி மறக்கறது?" என்றாய். அதற்குப் பதில் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை பாப்பா. நீயும் சொல்லவில்லை. இதை உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் கேட்கப் போவதில்லை. என் குணம் உனக்குத் தெரியும், ஒரு விஷயத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு கடையில் உட்கார என்னால் ஆகாது.

முதலிலிருந்து வருகிறேன், அவசரப்படுத்தாதே. போன மாதம் கோவிந்தன் மகள் கல்யாணம். நம் கடைக்குச் சாமையும் புளியும் கொடுக்கிற மனுஷன், வெள்ளிமலைக்கு அப்பால் அவன் ஊர், கல்யாணத்துக்குப் போகாமல் இருந்தால் மரியாதையில்லை. நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். நீதான் காரில் கூட்டிப்போகிறேன் என்று நின்றாய். மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை இருந்தது, அவர் வரவில்லை. "இந்தப் பழைய டப்பாவ நம்பி மலை ஏறணுமா?" என்று நான் கேட்டதற்கு, "ஏறும்போது நல்லா குடிக்கும் அத்தா, எறங்கும்போது குடிச்சத திருப்பி குடுத்துடும்" என்றாய். எனக்கு அது பிடித்திருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிற ஒரு சாமானை என் வியாபாரத்தில் நான் பார்த்ததேயில்லை.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் சார்ஜ் காட்டுகிற திரையில் எண் வேகமாக இறங்க ஆரம்பித்தது. சமவெளியில் கணக்காக இறங்கிக்கொண்டிருந்தது, இங்கே வளைவுக்கு வளைவு ஓட்டை டின்னில் எண்ணெய் இறங்குவது போல இறங்கியது. முதலில் ஏசியை நிறுத்தினாய். பிறகு பாட்டை நிறுத்தினாய். பிறகு பேச்சை நிறுத்தினாய். "இன்னா பாப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல அத்தா, பேட்டரி பழசு. கோவிந்தன் மாமா வூட்ல மாவு மெஷின் பிளக் இருக்கு. சாப்ட்டுக்கினு இருக்கும்போது போட்டுக்கலாம்" என்றாய். அங்கே போனால் முந்தின நாள் காற்றில் கம்பம் சாய்ந்து ஊருக்கே கரண்ட் இல்லை. கோவிந்தன் பந்தல் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துடும் பாய், வந்துடும், லைன்மேன் ஏறிக்கினுதான் இருக்கார்" என்றான். தாலி கட்டினார்கள், மேளம் அடித்தார்கள், பந்தி போட்டார்கள். கரண்ட் மட்டும் வரவில்லை.

பந்திக்குக் கூப்பிட்டதும் வழக்கம்போல ஓரமாகப் போய்ச் சர்க்கரை ஊசி போட்டுக்கொண்டேன். இலையில் வந்தது கறிச்சோறு. நமக்கு ஆகாத கறி. பாவம், அவர்களுக்கு அது தெரியாது, எனக்கு அதை எடுத்துச் சொல்லவும் வாய் வரவில்லை. ஒரு கை மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு எழுந்தேன். நீ பொம்பளைகள் பக்கத்திலிருந்து வந்து, "நல்லா சாப்ட்டீங்களா?" என்றபோது "ஆச்சு, ஆச்சு" என்றேன். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தலைகுப்புற இறங்கும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு வேளைதானே என்று நினைத்தேன்.

திரும்பும்போது வெள்ளிமலை வரைக்கும்தான் ஏற்றம், அதற்கப்புறம் வழுக்கிக்கொண்டே கீழே போய்விடலாம் என்று நீ போட்ட கணக்கில் தப்பில்லை. ஆனால் வயசான பேட்டரி வயசான மனுஷன் மாதிரி, நடந்துகொண்டே இருப்பான், திடீரென்று உட்கார்ந்துவிடுவான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்த திரை, அந்தக் காட்டு ஏற்றத்தில் ஒரே மூச்சில் அடிமட்டத்துக்கு வந்தது. ஆமைப் படம் ஒன்று தெரிந்தது. வண்டி ஊர்ந்தது. பிறகு நின்றது. நீ இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்கு அடியில் கல் வைத்தாய். மேலே மேகம் கட்டியிருந்தது, ரெண்டு பக்கமும் கடுக்காய் மரம், ஒரு ஈ காக்கை கிடையாது.

பாறை மேல் ஏறி நின்றுதான் உனக்கு சிக்னல் கிடைத்தது. கண்ணாடி இறக்கியிருந்தது, நீ பேசியது எல்லாம் எனக்குக் கேட்டது. "ஏங்க, சார்ஜ் நெறஞ்சிடுச்சுங்க. கோவிந்தன் மாமா ஊரு தாண்டி இங்கயே நின்னுக்கினு இருக்கோம். அத்தா கூடவே இருக்கார். வந்துடுங்க." நடுவில் "தாண்டி" என்றதும் இந்தக் கடைசி வார்த்தையும் அவருக்குப் போய்ச் சேரவில்லை என்று இப்போது தெரிகிறது. "சரி, சரி" என்று அவர் சொன்னது உனக்குக் கேட்டது. அத்தோடு கட்டாகிவிட்டது. நீ இறங்கி வந்து, "சரின்னுட்டார் அத்தா, ஒரு வண்டிய புடிச்சிக்கினு வந்துடுவார்" என்றாய். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நீ சொன்னதில் எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. உன் அம்மா கேட்டிருந்தால் அவளுக்கும் பட்டிருக்காது.

அந்த நிம்மதிதான் நம்மைக் கெடுத்தது. கல்யாண வீட்டு ஜீப் ஒன்று வந்து நின்றது, ஞாபகம் இருக்கிறதா? "ஏறிக்கங்கக்கா, கீழ வுட்டுடறேன். மழ வருது" என்றார் அந்த டிரைவர். "வேணாங்கண்ணா, எங்க வூட்டுக்காரர் வந்துக்கினு இருக்கார், நாங்க போயிட்டா தேடுவார்" என்று அனுப்பிவிட்டாய். ஜீப் வளைவில் திரும்பி மறைந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. மலைக்காற்றில் யாருக்கு வியர்க்கும்? உதடு மரத்தது. கை நடுங்கியது, உனக்குத் தெரியக்கூடாது என்று தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று ரெண்டு பேரும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மழை வந்தது. அவர் வரவில்லை.

"இது எந்த ஊரு?" என்று நான் ரெண்டாவது தடவை கேட்டபோதுதான் நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய் என்று பிறகு சொன்னாய். எனக்கு அதெல்லாம் கலங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. நீ டேஷ்போர்டைத் திறந்து, பையைக் கொட்டி, சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு மிட்டாய்க்குத் தேடியது தெரியும். வீட்டுக்குக் கீழே மூட்டை மூட்டையாகச் சர்க்கரை விற்கிறவன் மகள், ஒரு துண்டு வெல்லம் இல்லாமல் காட்டில் அழுதாய். பாறைக்கு ஓடினாய், போன் போகவில்லை, மறுபடி ஓடினாய். வெள்ளிமலை பஸ் வந்தபோது துப்பட்டாவை ரெண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றாயே, அந்த டிரைவர் பிரேக் போடாமல் இருந்திருந்தால்? பஸ்ஸில் யாரோ ஒரு அம்மா அச்சு வெல்லத்தை உடைத்து என் வாயில் திணித்தாள். அவள் முகம்கூட எனக்குத் தெரியாது. அல்லாஹ் அவளை நன்றாக வைக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் நான் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும்போது மாப்பிள்ளை உன் அம்மாவை பைக்கில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே ஓடிவந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே நீ ஆரம்பித்துவிட்டாய். "போன் பண்ணி சொன்னேன் இல்ல? ஏன் வரல?" அவர் திகைத்துப் போய், "எங்க வரணும்? சார்ஜ் ஃபுல்லா இருக்கு, அங்கயே இருக்கோம்னு நீதானே சொன்னே? கல்யாண வீட்ல இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். "நானா? ஃபுல்லுன்னு நானா சொன்னேன்? அத்தா கூடவே இருந்தார், கேளுங்க" என்று நீ என் பக்கம் கையை நீட்டினாய். நான் என்ன சொன்னேன்? "அவ அப்பிடி சொல்லல மாப்ள. நானும் கேட்டுக்கினுதான் இருந்தேன்" என்றேன். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்தாள். நாம் மூன்று பேர், அவர் ஒருத்தர். நர்ஸ் வந்து எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். அவர்தான் முதலில் போனார்.

இப்போது இன்றைக்கு நடந்ததைக் கேள். அந்தச் சண்டைக்கப்புறம் பெங்களூரில் தன் வீட்டில் போய் இருந்தவர் மத்தியானம் வந்து சேர்ந்தார். மேலே நீ கதவைச் சாத்திக்கொண்டதால் போக இடமில்லாமல் கடையில் என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். உன் அம்மா டீ கொடுத்தனுப்பினாள், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போது எலவனாசூர்கோட்டையிலிருந்து நம் வாடிக்கைக் கடைக்காரர் போனில் துவரம்பருப்பு கேட்டார். "பருப்பு நெறஞ்சிடுச்சுங்களே. வெள்ளிக்கெழம லோடு வருது, அப்புறமா வண்டி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். மாப்பிள்ளை பருப்பு மூட்டை அடுக்குகிற மூலையைப் பார்த்தார். அங்கே வெறும் பலகைதான் கிடந்தது. என்னைப் பார்த்தார். மறுபடி மூலையைப் பார்த்தார்.

"மாமா, பருப்பு நெறஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க. அங்க ஒண்ணுமே இல்லையே. அப்புறம் ஏன் வர வேணாம்னீங்க?"

"இல்லாததாலதான் மாப்ள. இல்லன்னு வாயால சொல்லக்கூடாது, பரக்கத் போயிடும், கட வெளங்காது. நெறஞ்சிடுச்சுன்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்."

"பருப்புக்கு மட்டுமா?"

"அரிசி, உப்பு, எண்ண, எல்லாத்துக்கும்தான். எங்க வூட்ல தீந்துபோச்சுங்கற வார்த்தையே கெடையாது."

பிறகு ரொம்ப மெதுவாக, "சார்ஜுக்குமா மாமா?" என்றார்.

பாப்பா, தராசில் கை வைத்தவன் வைத்தபடியே நின்றுவிட்டேன். எதிரே ஆள் சீரகத்துக்கு நிற்கிறார், எனக்குக் கண் தெரியவில்லை. நீ பாறை மேல் நின்று சொன்னது அப்படியே காதில் கேட்டது. சார்ஜ் நெறஞ்சிடுச்சுங்க. பெங்களூரில் பிறந்து, வீட்டில் பாதி உருது பாதி தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை அதைக் கேட்டால் என்ன நினைப்பார்? நெறஞ்சிடுச்சு என்றால் நெறஞ்சிடுச்சு என்றுதானே நினைப்பார்? அதைத்தான் தன் பாஷையில் ஃபுல் என்று உன்னிடம் திருப்பிச் சொன்னார். உனக்கோ அந்தச் சொல்லுக்கு ஒரு அர்த்தம்தான் தெரியும், அதுவும் நாம் கொடுத்த அர்த்தம். நிஜமாகவே நிறைந்திருந்தால் நீ ஃபுல் என்று இங்கிலீஷில்தான் சொல்லுவாய். ரெண்டு பேரும் சத்தியத்தைச் சொல்லிவிட்டு ஒருத்தர் மேல் ஒருத்தர் பழி போட்டுக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டீர்கள். நடுவில் நான் வேறு பெரிய மனுஷன் மாதிரி சாட்சி சொன்னேன்.

"இரு, இப்பவே அவளக் கூப்பிட்டுச் சொல்றேன்" என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். "வேணாம் மாமா. இத்தன நாள் நான் பொய் சொன்னேன்னு அழுதா. இப்ப தான் சொன்ன வார்த்தையாலதான் உங்களுக்கு அப்பிடி ஆச்சுன்னு அழுவா. அதுக்கு நான் பொய்யனாவே இருந்துட்டுப் போறேன்." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைக் கட்டிக்கொடுக்கும்போது இந்தப் பையன் எப்படியோ என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தேகம் இருந்தது, உன்னிடம் சொன்னதில்லை. அது இன்றைக்குப் போய்விட்டது.

அவர் பயப்பட்டது போல நீ உன்னை நொந்துகொண்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது உன் வாய் இல்லை, இந்த வீட்டின் வாய். உன் அம்மா சின்னசேலத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு நாள் என் அத்தா சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சமையலறையிலிருந்து "மாமா, அரிசி தீந்துபோச்சு" என்று குரல் கொடுத்துவிட்டாள். அத்தா பிசைந்த சோற்றை வைத்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்விட்டார். அவளுக்குப் புரியவேயில்லை, குழம்பில் உப்பு ஜாஸ்தியோ என்று வாயில் வைத்து வைத்துப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அந்த வார்த்தையைத் தொட்டதில்லை. நீ ஒண்ணாம் வகுப்பில் இருந்தபோது டீச்சர் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டதற்கு "நெறஞ்சிடுச்சு டீச்சர்" என்றாயாம். சாப்பிடாமல் வைத்திருக்கிறாய் என்று முட்டிபோட வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நீ அழுதபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சொல்லைத் திருத்தியிருக்கவேண்டிய நேரம் அதுதான். சிரித்துவிட்டு, பரவாயில்லை, கடைக்காரன் மகள் என்று பெருமைப்பட்டோம்.

மஃரிபுக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள், மீதியைக் காலையில் எழுதுகிறேன்.

காலை. தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் அறையில் விளக்கு எரிகிறது, ஜன்னல் வெளிச்சம் தெருவில் விழுந்திருக்கிறது, அதனால் இப்போதும் தூங்குகிறேன் என்று சொல்லாதே. ராத்திரியே இதைத் தள்ளிவிட்டிருக்கலாம். மாப்பிள்ளைக்குக் கொடுக்காத வாக்கை மீறுவதற்குக்கூட எனக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது. விடிந்ததும் அந்த யோசனை போய்விட்டது.

இனிமேல் சொல்லப்போவது புத்திமதி. பிடிக்காவிட்டாலும் கேட்டுக்கொள். வழியில் அந்தத் திரை காட்டுகிற எண்ணை நம்பாதே, பாதிக்குக் கீழே போகவிடாதே. ஒரு இடத்தில் சார்ஜ் போடுகிற பெட்டி வேலை செய்யும் என்று போன் சொன்னால், அது வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கும் பாக்கி வைத்துக்கொள். பையில் பேரீச்சம்பழம் வைத்துக்கொள், நான் கூட இல்லாவிட்டாலும் வைத்துக்கொள். சண்டை வந்தால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சண்டை போடு. இதெல்லாம் உனக்கே தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. உன் புருஷனிடம் இல்லை என்றால் இல்லை என்று சொல். தீர்ந்துவிட்டது என்றால் தீர்ந்துவிட்டது என்று சொல். பசித்தால், பயந்தால், பிடிக்காவிட்டால், உடம்பு முடியாவிட்டால், அந்த வார்த்தையை அப்படியே சொல். கடையில் வாடிக்கைக்காரனிடம் பரக்கத்துக்காகப் பேசுகிற பேச்சை ஒரே வண்டியில் உட்கார்ந்திருக்கிறவனிடம் பேசினால், அவன் உனக்காக எப்படி ஓடிவருவான்?

எனக்கே அது வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேற்று சாயங்காலம் ஒரு ஆள் உளுந்து கேட்டார். இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை. "நெறஞ்சி..." என்று ஆரம்பித்துவிட்டு இருமினேன். அந்த ஆள் தண்ணி குடிங்க பாய் என்றார். கடையில் என்னால் முடியாது, விட்டுவிடு. உன்னிடம் முயற்சி பண்ணுகிறேன். மலையில் எனக்குப் பயமாக இருந்தது பாப்பா. செத்துவிடுவேன் என்று நினைத்தேன், நடுங்குகிற கையை மறைத்துக்கொண்டு உன்னிடம் வானிலை பேசினேன். நீ ஊரை விட்டுப் போவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீ போகாமல் இங்கேயே இருந்துவிட்டால் அதைவிடக் கஷ்டமாக இருக்கும்.

மாப்பிள்ளை கீழே இறங்கிவிட்டார். கேபிளைச் சுருட்டிப் பின்னால் வைத்தார். தன் பெட்டியை வைத்தார், உன் பெட்டிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார், நான் எட்டிப் பார்த்தேன். "வெயில் ஏர்றதுக்குள்ள வேலூர் போயிடணும் மாமா" என்றார். அவள் வருகிறாளா என்று என்னிடம் கேட்கவில்லை. உன் அம்மா கொடுத்த இட்லிப் பொட்டலத்தை வாங்கி முன் சீட்டில், நீ உட்காருகிற இடத்தில் வைத்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, அதை எடுத்துப் பின் சீட்டில் வைத்துவிட்டார். இப்போது கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மாடி ஜன்னலைப் பார்க்கக்கூடாது என்று முடிவு பண்ணியவர் போல நேராகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நான் மாடி ஏறி இதைத் தள்ளிவிட்டு உடனே இறங்கிவிடுவேன், வாசலில் நிற்கமாட்டேன். இதைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், என் மகள்தானே. கட்டிலில் உட்கார்ந்துகொள்வாய். இன்னும் கொஞ்சம் பார்ப்போம், வண்டியை எடுக்கிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பாய்.

அந்த வண்டியை எடுத்தால் சத்தம் வராது, பாப்பா.